ஏரி எப்போது நல்ல ஏரி?

நன்னீர்த் தூண்டில் – 11

"கள்ளக்குறிச்சிப் பக்கம் வந்தா எந்த ஏரியில தூண்டில் போடலாம்? ஒரே ஒரு பேர் சொல்லுங்க, போதும்."

இந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. கேட்பவர்களில் பெரும்பாலோர் வெளியூரில் வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர்கள். பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஊருக்கு வருகிறார்கள். கையில் புது ரீல் இருக்கிறது. சின்ன வயதில் மூங்கில் கம்போடு சுற்றிய ஏரி இப்போது எப்படி இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. அமெரிக்காவில் இருக்கும் வாசகர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "இங்கே கிராப்பி பிடிச்சுப் பழகிட்டேன் சார், அந்த மாதிரி நம்ம ஊர்ல எங்க கிடைக்கும்?" என்று எழுதியிருந்தார்.

பேர் சொல்வது சுலபம். ஆனால் சொன்ன பேர் நாலு மாதத்தில் பொய்யாகிவிடும். கார்த்திகையில் கரையை முட்டிக்கொண்டு நிற்கிற ஏரியில், வைகாசியில் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள். போன வருஷம் கூடை கூடையாக ஜிலேபி கெண்டை கொடுத்த இடத்தில் இந்த வருஷம் தக்கை அசையவே இல்லை என்று புலம்புகிறவர்களும் உண்டு. நம் பக்கத்தில் நல்ல ஏரி என்றால் இடத்தோடு மாதமும் சேர்த்தி. கல்வராயன் மலையில் விழுந்த மழை எந்த வழியாக இறங்குகிறது, எங்கே தேங்குகிறது, எப்போது வெளியேறுகிறது என்ற கணக்கைப் பிடித்துக்கொண்டால், எந்த மாதம் எந்தக் கரையில் உட்காரலாம் என்பது தானாகத் தெரிந்துவிடும். போன வாரம் நீலகிரி ட்ரவுட் மீனோடு குளிரில் நடுங்கினோம். இந்த வாரம் அந்தக் கணக்கை மலையிலிருந்து சமவெளி வரை போட்டுப் பார்ப்போம்.

மலைமேல் மழையைப் பார், மீனைத் தேடாதே

கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலைப்பாதை ஏறினால் வெள்ளிமலை, கரியாலூர். பெரும்பகுதி 2,000 அடியிலிருந்து 3,000 அடி வரையிலான உயரம். மரவள்ளியும் சாமையும் விளைகிற மேட்டு நிலம், இடையிடையே காடு, மழைக்காலத்தில் மேகம் அருவி, பெரியார் அருவி. குளிர்ந்த தெளிந்த தண்ணீரைப் பார்த்ததும் தூண்டில்காரனுக்குக் கை பரபரக்கும். அவசரப்பட வேண்டாம்.

மலை ஓடைத் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருப்பதற்குக் காரணமே அதில் சத்து குறைவு என்பதுதான். மழை பெய்தால் புரண்டு ஓடும், நின்றால் பாறைக்குப் பாறை குட்டையாகத் தேங்கும். சேறு படிய நேரமில்லை. சேறு இல்லாத இடத்தில் புழு பூச்சி குறைவு, பெரிய மீன் வயிறு வளர்க்க வழியில்லை. பாறையில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி மேய்கிற விரல் நீள மீன்களும், கூட்டமாக மினுக்கிக்கொண்டு திரிகிற பொடி மீன்களும்தான் அங்கே குடியிருப்பவை. கரியாலூர் ஏரியில் படகுச் சவாரி உண்டு. குடும்பத்தோடு போனால் நல்ல பொழுதுபோக்கு. தூண்டிலுக்கு அது இடமில்லை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி வேட்டையாடுவது எப்படிக் குற்றமோ, மீன் பிடிப்பதும் அப்படியே. 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்திலேயே இது இருக்கிறது. ஓடையில் மருக்காரைக் காயை நசுக்கிக் கரைத்து மீனை மயங்கவைத்துப் பிடிப்பது நாட்டின் பல மலைப்பகுதிகளில் இருந்த பழக்கம். தண்ணீரில் நஞ்சு கலப்பதையும் வெடி வைப்பதையும் 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் தண்டனைக்குரியதாக்கியது. இன்றைக்கு யாராவது அதைச் செய்தால் பாட்டன் காலத்துப் பழக்கம் என்று சொல்லித் தப்ப முடியாது.

அப்படியானால் மலைக்கு எதற்குப் போக வேண்டும்? போக வேண்டியதில்லை, பார்த்தால் போதும். ஆடி, ஆவணி மாதங்களில் சாயங்காலம் மேற்கே மலைமேல் கருக்கல் கட்டி இடி இறங்கினால், மறுநாள் கல்படை, பொட்டியம் ஓடைகளில் தண்ணீர் வரும். அந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்பதில்தான் நம் கதை தொடங்குகிறது.

இரண்டு அணை, இரண்டு குணம்

மலை அடிவாரத்தில் கோமுகி அணை. 1960-களில் கட்டியது. முழு நீர்மட்டம் 46 அடி, கொள்ளளவு 560 மில்லியன் கன அடி. கொஞ்சம் வடகிழக்கே தள்ளி சூளாங்குறிச்சி அருகே மணிமுக்தா அணை. நீர்மட்டம் 36 அடி, கொள்ளளவு 736 மில்லியன் கன அடி.

இந்த நான்கு எண்களையும் விவசாயி ஒரு விதமாகப் படிப்பார், தூண்டில்காரன் வேறு விதமாகப் படிக்க வேண்டும். மணிமுக்தா பத்து அடி ஆழம் குறைந்தது, ஆனால் அதிகத் தண்ணீர் பிடிக்கிறது. அப்படியென்றால் அது பரந்து கிடக்கிறது. கோமுகி செம்பு, மணிமுக்தா தாம்பாளம்.

தாம்பாளத்தில் வெயில் அடிவரை இறங்கும். வெயில் இறங்குகிற இடத்தில் பாசி பிடிக்கும், பாசியில் பூச்சி, பூச்சிக்கு மீன். ஒரு நீர்நிலையின் மீன் வளத்தை ஆழம் தீர்மானிப்பதைவிட, ஆழமில்லாத ஓரம் எவ்வளவு அகலம் என்பதுதான் அதிகம் தீர்மானிக்கிறது. அதனால் தண்ணீர் நிறைந்து தெளிந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மணிமுக்தாவைச் சொல்வேன். ஆனால் சித்திரை வெயிலில் அதே ஓரம் முதலில் சுட்டு, முதலில் வற்றும். அப்போது மீனுக்கு ஒதுங்க இடம் ஆழத்தில்தான். கோமுகியின் காலம் அது.

அணையின் நீர்மட்டம் நாளிதழில் அவ்வப்போது வரும். அதை ஒரு எண் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். மட்டம் ஏறிக்கொண்டிருந்தால், மீன் புதிதாக மூழ்கிய புல்லுக்குள் மேயப் போய்விட்டது என்று பொருள். கரையிலிருந்து தூர எறிய வேண்டாம், முழங்கால் தண்ணீரில் போடலாம். ஏறி நின்றுவிட்டால் மீன் ஓரிடம் பிடித்துத் தங்கும். நிதானமாகத் தூண்டில் போடுகிறவனுக்கு அதுதான் பொன்னான நேரம். பாசனத்துக்குத் திறந்து மட்டம் வேகமாக இறங்குகிறது என்றால் மீன் ஓரத்தைக் கைவிட்டு உள்ளே இறங்கிவிடும். நேற்றுப் பிடித்த இடத்திலேயே இன்றைக்கும் உட்கார்ந்தால் கொசுதான் கடிக்கும்.

கோமுகி போன்ற அணைகளில் மழைக்காலத்தில் முழு மட்டம் வரை தேக்குவதில்லை. பாதுகாப்புக்காக 44 அடியோடு நிறுத்தி உபரியைத் திறந்துவிடுவார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் இந்த மாவட்டத்து ஆறுகள் எப்படிப் பெருக்கெடுத்தன என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஷட்டர் பக்கமும் அதற்குக் கீழே ஆற்றுப் பக்கமும் மழைக்காலத்தில் தூண்டிலோடு நிற்பது வீரமில்லை, மடத்தனம். அறிவிப்புச் சங்கு ஊதிய பிறகு ஓடித் தப்ப நேரம் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

அணையில் எங்கே உட்காருவது? கல் பதித்த கரைச் சரிவில் கற்களின் மேல் பாசி படிந்திருக்கும். ஜிலேபி அதைச் சுரண்டித் தின்ன வரும். ஓடைகள் வந்து சேருகிற வாயில், புது வெள்ளத்தின் செங்கலங்கல் அடங்கி நிறம் தெளிகிற நாட்களில் கெண்டையும் கெளுத்தியும் கூடும். தண்ணீர் ஏறும்போது மூழ்கிய முள்மரக் கூட்டம் எங்காவது இருந்தால், அதன் நிழல் பக்கம்.

காய்ந்த ஏரியில் நடந்து பார்

அணைக்குக் கீழே கோமுகி ஆறு கள்ளக்குறிச்சியைத் தொட்டுக்கொண்டு கிழக்கே போகிறது. வழியில் சின்னச் சின்ன அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரிகிற வரத்து வாய்க்கால்கள், வாய்க்கால் முடிகிற இடத்தில் ஏரிகள். மேல் ஏரி நிரம்பிக் கோடி போனால் கீழ் ஏரிக்குத் தண்ணீர். மணிமுக்தாவும் கோமுகியும் கடைசியில் வெள்ளாற்றுக்குள் போய்ச் சேரும்வரை இந்தச் சங்கிலி நீள்கிறது. ஆற்றுத் தண்ணீர் எட்டாமல், விழுகிற மழையையும் ஓடையையும் மட்டுமே நம்பியிருக்கும் ஏரிகளும் மாவட்டத்தில் நிறைய.

கள்ளக்குறிச்சி சித்தேரி, சின்னசேலம் ஏரி மாதிரி பேர் பெற்றதாக இருக்கட்டும், வெளியூர்க்காரர் பேரே கேள்விப்படாத ஊர் ஏரியாக இருக்கட்டும், நல்ல இடம் கண்டுபிடிக்கிற வழி ஒன்றுதான்: ஏரி வற்றிக் கிடக்கும்போது போய் உள்ளே இறங்கி நடக்க வேண்டும். சின்னசேலம் பக்கம் ஒரு ஏரிக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், நான் காய்ந்த தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டு நடப்பதைக் கண்டு சிரித்தார். எதையாவது தொலைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். விஷயத்தைச் சொன்னதும், "சரியாத்தான் வந்திருக்கிற தம்பி. தண்ணி நிக்கிறப்போ எல்லா எடமும் ஒண்ணுபோலத்தான் தெரியும். மீனு எங்க ஒதுங்கும்னு இப்பத்தான் மண்ணு காட்டிக்கொடுக்கும்" என்றார். தூண்டில் பற்றி நூறு பக்கம் எழுதினாலும் இதற்கு மேல் சொல்ல முடியாது.

மண் என்ன காட்டுகிறது? முதலில் கரையின் உள்பக்கம். ஏரிக்கரைக்கு வேண்டிய மண்ணை முன்னோர் பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் வெட்டிப் போட்டார்கள். அதனால் கரையை ஒட்டியே நீளப் பள்ளம் ஓடும். அடுத்தது மதகு. பாசனத்துக்குத் தண்ணீர் அங்கே இழுக்கப்படுவதால் மதகுக்கு முன்னால் ஒரு வாய்க்கால் மாதிரி தாழ்ந்திருக்கும். மாசி, பங்குனியில் தண்ணீர் குறையக் குறைய மீன் இந்த இரண்டு இடத்துக்கும் வந்துதான் ஆக வேண்டும்.

மூன்றாவது, தரையில் வட்ட வட்டமாகத் தட்டு அகலத்துக்குக் குழிகள். வரிசையாக, ஒன்றுக்கொன்று ஒரு முழம் தள்ளி, யாரோ அளந்து தோண்டினது போல இருக்கும். ஆண் ஜிலேபி வாயால் மண்ணை அள்ளித் துப்பித் தோண்டிய குழி அது. பெண்ணை அங்கே அழைத்து முட்டையிடச் செய்யும். பெண் அந்த முட்டைகளை வாயிலேயே வைத்துக் குஞ்சு பொரிக்கும். ஒரு குழியைப் பார்த்தால் அந்தத் திட்டு முழுக்க அவற்றின் பேட்டை என்று குறித்துக்கொள்ளலாம். ஏரி நிரம்பிய பிறகு கரையிலிருந்து எத்தனை அடி, எந்தப் பனைமரத்துக்கு நேர் என்று அடையாளம் வைத்துக்கொண்டால் அடுத்த பருவத்துக்கு ஆகும்.

நாலாவது, கருவேல மரங்கள். 1981-இல் ஸ்வீடன் உதவியோடு தமிழ்நாட்டில் சமூகக் காடுகள் திட்டம் தொடங்கியது. ஏரிகளின் நீர்ப்பிடிப்பில் கருவேல மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். விறகுக்காக நட்ட மரம். மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும். வெட்டிய இடத்தில் அடிக்கட்டைகள் மிச்சம் இருக்கும். அந்தக் கட்டைகளில் பாசியும் புழுவும் பிடிக்கிறது, கொக்கும் நீர்க்காகமும் எளிதில் நுழைய முடியாத நிழலும் கிடைக்கிறது. குஞ்சு மீனுக்கு அதைவிடப் பாதுகாப்பான தொட்டில் ஏது? நரம்பு சிக்கி நாலு முள் போகும், போகட்டும்.

ஐந்தாவதை எச்சரிக்கையாகச் சொல்கிறேன். வண்டல் மண் எடுத்த பள்ளங்கள். வயலுக்கும் செங்கல் சூளைக்கும் பொக்லைன் வைத்து வெட்டிய இடங்களில் ஆள் உயரத்துக்கு மேல் செங்குத்தாகக் குழி விழுந்திருக்கும். ஏரி வற்றும்போது கடைசித் தண்ணீரும் கடைசி மீனும் அங்கேதான் நிற்கும். தண்ணீர் நிறைந்தபின் முழங்கால் ஆழம் என்று நம்பிக் கால் வைக்கிற பிள்ளைகள் மூழ்கிப் போவதும் அங்கேதான். இடம் தெரிந்திருந்தால் கரையிலிருந்தே எறியலாம். உள்ளே இறங்கவே கூடாது.

ஏரித் தூண்டிலுக்கு ஒரு பழைய மரியாதை

ஆறு என்றால் உசத்தி, ஏரி என்றால் பையன்கள் விளையாட்டு என்று நினைக்கிறவர்கள் ரீல் பிடிக்கிறவர்களிடையே இன்னும் இருக்கிறார்கள். ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியை அவர்களுக்கு அறிமுகப்படுத்தலாம். சென்னை மாகாணத்தில் பணியாற்றியவர், தென் கன்னடத்தில் கலெக்டராக இருந்தவர். மகசீர் மீனைத் துரத்தித் துரத்திப் பிடித்து 1873-இல் 'தி ராட் இன் இந்தியா' என்று புத்தகம் போட்டார். இந்தியத் தூண்டில்காரர்கள் இன்றும் பேர் சொல்கிற புத்தகம். அதே ஆள் 1887-இல் இன்னொரு புத்தகம் எழுதினார்: 'டேங்க் ஆங்கிளிங் இன் இந்தியா'. முழுக்க முழுக்க ஏரி, குளத்துத் தூண்டிலுக்கென்றே. ஆற்று மீனின் ருசி கண்டவருக்கே ஏரிக்குத் தனிப் புத்தகம் வேண்டியிருந்தது. காரணம், ஆற்றுத் தண்ணீர் ஓடிவந்து மீன் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். நிற்கிற தண்ணீர் எதையும் காட்டாது. நாமே படிக்க வேண்டும்.

கிராப்பி சொல்லும் பாடம்

இப்போது அமெரிக்க வாசகரின் கேள்விக்கு வருகிறேன். கிராப்பி வட அமெரிக்காவுக்கே உரிய மீன். தட்டையான உடம்பு, பெரிய கண், காகிதம் போல மெல்லிய வாய். மூழ்கிய மரக்கிளைக் கூட்டத்தில் அடை அடையாகத் தங்கும். அது நம் தண்ணீரில் இல்லை, ஆனால் அதைத் தேடிப் போகிறவர்கள் கற்றுவைத்திருக்கிற வித்தை நமக்கு அப்படியே பொருந்தும்.

மிசிசிப்பி மாநிலத்தில் சார்டிஸ், அர்காபட்லா, ஈனிட், கிரனாடா என்று நாலு நீர்த்தேக்கங்கள், கிராப்பிக்குப் பேர்போனவை. 1940-க்கும் 1954-க்கும் இடையே வெள்ளத் தடுப்புக்காகக் கட்டப்பட்டவை. மழைக்காலத்து வெள்ளத்தைப் பிடிக்க இடம் வேண்டும் என்பதற்காக முன்கூட்டியே தண்ணீரை இறக்கிவிடுவார்கள். தரை வெளியே தெரியும், புல் முளைக்கும், பிறகு வெள்ளம் வந்து அந்தப் புல்லை மூழ்கடிக்கும். மக்கிய புல்லில் நுண்ணுயிர்கள் பெருகும், குஞ்சுகளுக்கு ஒளியவும் தின்னவும் கிடைக்கும். வெள்ளை கிராப்பியின் உலகச் சாதனை மீன் 1957-இல் ஈனிட்டில்தான் பிடிபட்டது: 5 பவுண்டு 3 அவுன்ஸ், ஏறக்குறைய 2.35 கிலோ. அணை கட்டி முடித்து ஐந்தே வருஷம். புதிதாக நிலத்தை விழுங்கிய தண்ணீர் அந்த மீனை எப்படி ஊட்டி வளர்த்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் ஏரி செய்வதும் இதையேதான், பல நூற்றாண்டாக. கோடையில் வற்றுகிறது, ஆடு மாடு மேய்ந்து சாணம் போடுகிறது, முதல் மழையில் புல் முளைக்கிறது, ஐப்பசியில் அத்தனையும் தண்ணீருக்குள் போகிறது. அதனால் ஏரி வற்றிவிட்டதே என்று கவலைப்படுகிற தூண்டில்காரனுக்கு ஒரு வார்த்தை: நன்றாகக் காய்ந்து, நன்றாக நிரம்பிய ஏரிதான் அடுத்த இரண்டு வருஷத்துக்கு நல்ல ஏரி. வருஷம் முழுக்கக் கழிவுநீர் வந்து வற்றாமல் நிற்கிற, ஆகாயத் தாமரை மூடிய ஏரி பச்சைப்பசேலென்று இருந்தாலும் உள்ளே மூச்சு முட்டிக் கிடக்கும். விடியற்காலையில் பிராணவாயு குறைந்து மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால், அந்தத் தண்ணீரில் பிடித்ததைச் சமைக்க வேண்டாம்.

அமெரிக்கர்கள் கிராப்பிக்காக மரக்கிளைகளைக் கட்டித் தண்ணீரில் இறக்குகிறார்கள். நமக்கு வனத்துறையே நட்டுக் கொடுத்துவிட்டது. கிராப்பியின் இடத்தில் நமக்கு ஜிலேபி. அதே தட்டை உடம்பு, அதே கூட்டம், அதே மறைவு ஆசை. ஆனால் அதுவும் ஊர்க்காரன் இல்லை. ஆப்பிரிக்க மீன், 1952-இல் இலங்கை வழியாக வந்தது. மலிவான புரதம் என்று கொண்டுவந்தார்கள். மற்ற மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று 1959-இல் பரப்பத் தடை சொன்னபோது அது எல்லாக் குளத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஆகவே கிராப்பிக் குஞ்சு நாலு கொண்டுவந்து விடலாமா என்ற யோசனையை அந்த வாசகர் விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வரட்டும். ஜிலேபியைப் பிடித்துத் தின்பதில் மட்டும் தயக்கம் வேண்டாம். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

தக்கை பேசும் பாஷை

ஜிலேபிக்குப் பெரிய சாமான் வேண்டாம். மெல்லிய நரம்பு, சின்ன முள், மயிலிறகுக் காம்பில் தக்கை, ஒரு பொட்டு ஈயம், மண்புழுவோ பிசைந்த கோதுமை மாவோ. தரையிலிருந்து ஒரு சாண் மேலே இரை தொங்க வேண்டும்.

தக்கையைப் பார்த்தே யார் வந்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம். ஜிலேபி முதலில் இரண்டு தடவை லேசாகத் தட்டும், பிறகு தக்கை சாய்ந்து பக்கவாட்டில் நகரும். நகரும்போதுதான் வெட்ட வேண்டும். கெளுத்தி யோசிக்காது, நேராக உள்ளே இழுக்கும். கழற்றும்போது அதன் முதுகு முள்ளும் பக்க முள்ளும் கையைப் பதம் பார்க்கும், துணியால் பிடியுங்கள். பொடிக் கெண்டை தக்கையை நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும், கடைசியில் புழு மட்டும் காணாமல் போகும்.

விரால் வேறு ஜாதி. தண்ணீரில் மட்டும் மூச்சுவிட்டு வாழ முடியாமல் அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கும். தாமரைக்கும் கோரைக்கும் நடுவே ஒரு குமிழும் வளையமும் தெரிந்தால் அங்கே இருக்கிறது. ரப்பர் தவளையை இலைமேல் விழவைத்து மெதுவாக இழுத்தால் வெடித்துக்கொண்டு வரும். மழைக்காலத்தில் சிவப்பு நூல்கண்டு உருள்வது போலக் குஞ்சுக் கூட்டம் மேலே தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொள்ளுங்கள். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும், எதைப் போட்டாலும் கோபத்தில் கவ்வும். அதைப் பிடித்தால், குஞ்சு அத்தனையும் அன்றைக்கே மற்ற மீன்களுக்குத் தீனி.

யாரைக் கேட்பது?

ஏரி பொதுச் சொத்து, மீன் அப்படியில்லை. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் கையில், அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் கையில். பெரும்பாலான ஏரிகளில் மீன்பாசி ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் காசு போட்டுக் கட்லா, ரோகு, மிர்கால், புல் கெண்டைக் குஞ்சுகளை விட்டிருப்பார். அவரைக் கேட்காமல் தூண்டில் போடுவது அடுத்தவன் தோட்டத்தில் இளநீர் வெட்டுவதுதான். டீக்கடையில் விசாரித்தால் ஆள் யாரென்று சொல்லிவிடுவார்கள். "அண்ணே, ஜிலேபி, கெளுத்திதான் பிடிப்பேன். கட்லா, ரோகு மாட்டினா விட்டுடறேன்" என்று நாமே முந்திக்கொண்டு சொன்னால் பேச்சு சுமுகமாக முடியும். அணைகளிலும் மீன்பிடி உரிமை யாரிடமாவது இருக்கும். கரையில் மீன் எடை போடுகிற இடத்தில் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

மாதக் கணக்கு

ஆடி, ஆவணி: மலையில் மழை. அணைகளின் ஓடை வாய்கள்.

ஐப்பசி, கார்த்திகை: எங்கும் செங்கலங்கல். ஏரி கோடி போகும் இடத்தில் மீன் எதிர்நீச்சல் போட்டு ஏறும், ஊரே கொசுவலையோடு நிற்கும். ஏறுவதில் பல சினை மீன்கள். அன்றைக்கு ஒரு கூடை அள்ளினால் பங்குனியில் ஏரியே காலி. தூண்டில்காரனுக்கு இது பார்வையாளர் மாதம்.

மார்கழி, தை: தண்ணீர் தெளியும். பனி விலகி வெயில் ஏறிய பிறகு போனால் போதும், விடியற்காலையில் மீனும் சோம்பல்தான்.

மாசி, பங்குனி: ஊர் ஏரிகளின் உச்சம். தண்ணீர் சுருங்கி மீன் மதகுக்கும் கரைப் பள்ளத்துக்கும் வந்துவிடும். ஏலதாரர் வலை இறக்குவதற்கு முன்னால் முந்திக்கொள்ள வேண்டும்.

சித்திரை, வைகாசி: அணையின் ஆழம். காலை ஒன்பது மணியோடு மூட்டை கட்டிவிடலாம். சாயங்காலம் காய்ந்த ஏரியில் நடை.

பேர்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு இப்போது தைரியமாகச் சொல்கிறேன். பொங்கலுக்கு வருகிறவர்கள் மணிமுக்தா. பங்குனி உத்திரத்துக்கு வருகிறவர்கள், போன வருஷம் காய்ந்து இந்த வருஷம் கோடி போன உங்கள் ஊர் ஏரி. மே மாதம் வருகிறவர்கள் காலையில் கோமுகி, மாலையில் காய்ந்த ஏரியில் ஒரு சுற்று. குழிகளையும் கட்டைகளையும் நோட்டில் வரைந்துகொண்டு போனால், அடுத்த பொங்கலுக்கு வரும்போது என்னைக் கேட்க வேண்டிய அவசியமே இருக்காது.

அடுத்த வாரம் இதே வெள்ளாற்றைப் பிடித்துக்கொண்டு கிழக்கே இறங்குவோம்: வீராணம் ஏரியும் அதன் கெளுத்தியும்.

(தொடரும்)